ஏட்டையா வீட்டில் சாகும் செடிகள்

செம்பருத்தி செத்துவிட்டது. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

முந்தின நாள் லேசாகத் தலையைச் சாய்த்திருந்தது. இன்று காலை இலைகள் எல்லாம் பிழிந்து போட்ட துணி மாதிரித் தொங்கின. பாண்டித்துரை குனிந்து தண்டை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே பச்சை இல்லை. காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கிணற்றில், குளத்தில், தண்டவாளத்தில் என்று எத்தனையோ சாவுகளைக் குனிந்து பார்த்திருக்கிறார். ஒரு சாவைக் கண்டு அவர் பயந்தது இதுதான் முதல் முறை.

"என்ன, அங்கன குனிஞ்சு நிக்கிய?" உள்ளேயிருந்து உமாராணியின் குரல் வந்தது.

"எறும்பு."

"எறும்பு என்ன செய்யுது?"

"போகுது."

செடிக்கும் அவள் நாற்காலிக்கும் நடுவில் தன் உடம்பை நிறுத்திக்கொண்டார். நல்லவேளை, அகலமான உடம்பு.

உமாராணிக்குச் சினைப்பையில் புற்றுநோய். திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் தலைமுடி போனது, ருசி போனது, ரத்தத்தில் வெள்ளை அணுக்களும் போயின. "மண்ணத் தொடவே கூடாதும்மா. ஒரு சின்னக் கீறல் போதும், காய்ச்சல் வந்துரும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். உமாராணி டாக்டரிடம் நோயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "செடியப் பாக்கலாம்லா சார்?" என்று மட்டும் கேட்டாள். பார்க்கலாம் என்றார்.

அதனால் அடுப்படியின் பின்கதவுக்கு உள்ளே அவளுக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. அங்கிருந்து பார்த்தால் புறவாசல் முழுக்கத் தெரியும். படியை ஒட்டிச் செம்பருத்தி, இட்லிப்பூ, ரோஜா, நந்தியாவட்டைத் தொட்டிகள். தள்ளி அரளி, கனகாம்பரம், செவ்வந்தி. கதவோரம் தரையிலிருந்து கிளம்பிக் கூரைவரை ஏறியிருந்த பிச்சிக்கொடி. அவள் உட்கார்ந்து சொல்வாள், பாண்டித்துரை செய்வார். இப்படித்தான் ஏற்பாடு.

மூன்றாவது தடவை மருந்து ஏற்றிவிட்டு வந்ததும், "போதும். இனி நான் வரல" என்று அவள் படுத்துவிட்டாள். பாண்டித்துரை கெஞ்சினார். மகள் வேல்விழி கோயம்புத்தூரிலிருந்து போனில் அழுதாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்து புறவாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவள், தானாகவே, "எல்லாம் மொட்டு விட்டிருக்கு. பூக்குறதப் பாக்க ஆள் வேணும்லா? சரி, அடுத்த ஊசிக்கும் போவோம்" என்றாள்.

பாண்டித்துரை அதை அப்படியே மனதில் எழுதிக்கொண்டார். செடி பூத்தால் இவள் ஆஸ்பத்திரிக்கு வருவாள். செடி செத்தால் வரமாட்டாள். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இப்போது செம்பருத்தி செத்துக் கிடக்கிறது. அடுத்த ஊசி வரும் வாரம்.

"ஏட்டி உமா, நான் கொஞ்சம் வெளிய போய்ட்டு வாறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வெளியயா? நீங்களா?"

அவள் ஆச்சரியப்பட்டதிலும் நியாயம் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் பாண்டித்துரை வீட்டைவிட்டு நகரவில்லை. டீக்கடை இல்லை, வாசல் பேச்சு இல்லை. அவள் எதிரே இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் தூங்கினால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பார். விழித்தால், ஏன் விழித்தாள் என்று பார்ப்பார்.

"லாக்கப்புல கெடக்க ஆளப் பாக்க மாதிரில்லா பாக்கிய. நான் என்ன செவரேறிக் குதிச்சா ஓடப்போறேன்?" என்று போன வாரம்கூடச் சத்தம் போட்டாள்.

"ஒனக்கு எதாவது வேணும்னா ஆள் வேணுமேன்னுதான்."

"வேணும். கொஞ்ச நேரம் என்னைய யாரும் பாக்காம இருக்கணும். அருவியில தண்ணி விழுதாம், போய்க் குளிச்சிட்டு வாங்களேன்."

"ஒன்ன இப்படி விட்டுட்டு அருவியா? ஊரு காறித் துப்பாது?"

அப்படிச் சொன்ன மனிதர்தான் இப்போது சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார். "பென்ஷன் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து போடணுமாம்."

"போடுங்க, போடுங்க. நெறுத்தி நெதானமாப் போட்டுட்டு வாங்க. ரெபேக்கா அக்காவ வரச் சொல்லுங்க, துணைக்கு இருப்பாவ."

ரெபேக்காள் அடுத்த வீடு. கூப்பிட்டதும் கையில் கிழங்குக் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். பாண்டித்துரை மொபெட்டை எடுத்துக்கொண்டு மேலகரம் தாண்டிக் குற்றாலம் ரோட்டில் போனார். மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ரோட்டில் ஹஸீபாவின் செடிக்கடை. உமாராணி நன்றாக இருந்தபோது வாரம் தவறாமல் போய் நின்ற இடம். பாண்டித்துரை அப்போதெல்லாம் கடைக்குள் கால் வைத்ததில்லை. வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார்.

செம்பருத்தியைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. வாசலிலேயே தனியாக ஒன்று நின்றது. அதே உயரம்.

"அக்கா சொகமா இருக்காவளா அண்ணாச்சி?" என்று கேட்டாள் ஹஸீபா.

"இருக்கா. செம்பருத்தி வாங்குனேன்னு அவகிட்ட எதும் வாய விட்றாத."

"நான் ஏன் அண்ணாச்சி சொல்லுதேன்?"

செடியைக் காலடியில் வைத்துக்கொண்டு திரும்பினார். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே உள்ளே இரண்டு பெண்களும் வயிறு குலுங்கச் சிரிக்கும் சத்தம் கேட்டது. இவர் தலை தெரிந்ததும் சிரிப்பு நின்றது. மத்தியானம் மாத்திரை போட்டுவிட்டு உமாராணி தூங்கும் நேரத்தில், சந்து வழியாகப் புறவாசலுக்குப் போய்ச் செத்ததைப் பிடுங்கிப் புதியதை நட்டார். பழைய மண்ணையும் கொட்டிவிட்டுப் புது மண் போட்டார். கொலையை மறைக்கும் ஆட்களைப் பிடித்த அனுபவம் கைகொடுத்தது.

இரண்டு நாள் கழித்து அது பூத்தது. பழைய செம்பருத்தி ஒற்றை அடுக்குச் சிவப்பு. இது ஐந்தாறு அடுக்கோடு, ஆரஞ்சு நிறத்தில், காகிதப் பந்து மாதிரி மலர்ந்திருந்தது.

உமாராணி வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"ஏங்க, இது நம்ம செம்பருத்திதானா?"

"பின்ன, ஊர்ச் செம்பருத்தியா?"

"ஒத்தையால்லா பூக்கும்?"

"உரம் போட்டேன்" என்றார் பாண்டித்துரை.

"என்ன உரம்?"

அவர் கண் அடுப்படியைச் சுற்றியது. "டீத்தூளு. முட்டை ஓடு. வெங்காயத் தோலு. கொஞ்சம்… மோரு."

"மோரா?"

"புளிச்ச மோரு."

"டீத்தூளும் மோரும் போட்டா நெறம் மாறுமா?"

"மாறிருக்கே, கண்ணால பாக்குதேல்லா?"

வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்பவர்களை உட்காரவைத்துக் கேட்ட மனிதர் இப்போது பொய் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது மடல் சிவந்துவிட்டது. உமாராணி தலைத் துண்டைச் சரிசெய்யும் சாக்கில் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இருமல் என்று நினைத்து அவர் தண்ணீர் எடுக்க ஓடினார்.

அந்த வார ஊசிக்கு அவள் மறுக்காமல் வந்தாள். பாண்டித்துரைக்கு அது போதும். ஆனால் சும்மா இருந்த சங்கதி அதற்குள் மதில் தாண்டிவிட்டது.

"அண்ணாச்சி, அந்த உரம் எப்படிப் போடணும்?" என்று ரெபேக்காள் மறுநாளே வந்து நின்றாள். "எங்க ரோஜா தீக்குச்சி கணக்கா நிக்கி."

"அதெல்லாம் ஒங்களுக்குச் சரிப்படாதும்மா."

"ஏன், எங்க வீட்ல மோரு கெடையாதா?"

வேறு வழியில்லாமல் சொல்லிக் கொடுத்தார். ரோஜா சாகும், அத்தோடு பேச்சு அடங்கும் என்பது அவர் கணக்கு. பத்து நாளில் ரெபேக்காளின் ரோஜா துளிர்த்தது. அடுத்த வாரம் பூத்தது. அவள் அதைப் பறித்துத் தலையில் வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தாள்.

அதோடு வினை முற்றியது. தெருவில் வாடியிருந்த செடிகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பாண்டித்துரை வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன. "ஏட்டையா, இத ஒரு வாரம் வச்சிப் பாருங்க." "ஏட்டையா, துளசி கறுக்குது." முன்வாசலில் உள்நோயாளிகள் மாதிரித் தொட்டிகள் வரிசையில் நின்றன. வாங்க மறுத்தால், புறவாசல் செம்பருத்தியின் குட்டு உடைந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் வாங்கிவைத்து, காலையும் மாலையும் டீத்தூளும் மோருமாக ஊற்றினார்.

எல்லாம் பிழைத்தன. துளசி பிழைத்தது. பாதி காய்ந்த கறிவேப்பிலை பிழைத்தது. யாரோ குப்பையில் போடக் கொண்டுபோய் மனம் மாறி இங்கே இறக்கிவிட்ட ஒரு மல்லிகை, மொட்டோடு வீடு திரும்பியது.

அவர் வீட்டு இட்லிப்பூ செத்தது.

"பல்லு தேச்சிட்டு வாறதுக்குள்ள செத்துருக்கே சவம்" என்று பாண்டித்துரை புறவாசலில் முணுமுணுத்தார்.

"யாரு செத்தது?"

"எறும்பு."

மறுபடி சட்டை. மறுபடி ரெபேக்காள். இந்த முறை பாங்கில் வேலை. ஹஸீபா கடையில் இட்லிப்பூவும் வாசலிலேயே நின்றது. இந்தப் பெண்ணிடம் நாம் கேட்பது எப்போதும் இருக்கிறது, நல்ல வியாபாரி என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார். கடைக்கு அந்தப்பக்கம் கொஞ்ச தூரத்தில் ஐந்தருவிக்குப் போகும் ஆட்கள் துண்டும் எண்ணெய் வழியும் முகமுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வந்ததுதான் வந்தோம் என்று அவரும் போனார். கூட்டத்தில் முண்டித் தலையைக் கொடுத்தார். தண்ணீர் மண்டையில் இறங்கியதும், ஆஸ்பத்திரி வாசனை உடம்பைவிட்டுப் போனது போலிருந்தது. வெளியே வந்து நின்று சூடாக ஒரு டீ குடித்தார். அப்புறம்தான் நாம் இங்கே குளிக்க வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"பாங்க்ல மழையா?" என்று உமாராணி அவர் தலையைப் பார்த்துக் கேட்டாள்.

"சாரலு."

"நல்லா அடிச்சிருக்கு போல. மூஞ்சி தெளிஞ்சிருக்கு."

இட்லிப்பூவை நட்டபோது ஒரு தப்பு செய்துவிட்டார். கடையில் கட்டியிருந்த பெயர் அட்டையைக் கழற்ற மறந்துவிட்டார். உமாராணியின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"அது என்ன, கழுத்துல அட்டை?"

"நாந்தான் கட்டுனேன். பேரு எழுதி. வேல்விழி வந்தா எது என்ன செடின்னு தெரியாதுல்லா."

"அவ இந்த வீட்லதான வளந்தா?"

"மறந்துருப்பா."

"அப்ப எல்லாத்துக்கும் கட்டணும்லா? இதுக்கு மட்டும் கட்டுனா மத்தது கோவிச்சுக்கிடாது?"

அன்று முழுதும் பாண்டித்துரை அட்டை வெட்டினார், எழுதினார், கட்டினார். உமாராணி நாற்காலியில் இருந்தபடி ஒவ்வொன்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அரளிக்குக் கனகாம்பரம் என்றும் கனகாம்பரத்துக்குச் செவ்வந்தி என்றும் கட்டியிருந்தார். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பல வாரங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் இரண்டாவது தடவை சோறு கேட்டாள்.

"ரசத்துல உப்பு கூட" என்றாள் சாப்பிடும்போது.

சமையலும் இப்போது அவர் பொறுப்புதான். ஜாடியைத் திறந்து பார்த்தார். போன வாரம் நிறைத்த கல் உப்பு பாதிக்கு வந்திருந்தது. நாம்தான் கை தவறி அள்ளிப் போடுகிறோம் போலிருக்கிறது என்று மறுநாள் பாதியாகக் குறைத்தார்.

"இன்னைக்கு உப்பே இல்லையே" என்றாள்.

அடுத்து ரோஜா செத்தது. அதற்கு அவர் சொன்ன காரணம் மின்வாரிய ஆபீஸ். அதற்கு வாங்கிவந்த ரோஜா, பழையதைவிட ஒரு முழம் உயரம். "ராத்திரியோட ராத்திரியா வளந்துருச்சே!" என்று உமாராணி கன்னத்தில் கை வைத்தாள். "ஒங்க கைராசிங்க."

பாண்டித்துரையால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஊரார் செடியெல்லாம் பிழைக்கிறது; வீட்டுச் செடி மட்டும் சாகிறது. அதே கை, அதே தண்ணீர், அதே மோர். இது இயற்கைச் சாவு இல்லை என்ற முடிவுக்கு வந்தார். விசாரணையைத் தொடங்கினார்.

செத்ததெல்லாம் படிக்குப் பக்கத்தில் இருந்த தொட்டிகள். அடுப்புச் சூடு காரணமாக இருக்கலாம். ஆனால் படியை ஒட்டியே நிற்கிற பிச்சிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிச்சி உமாராணிக்கு உயிர். கல்யாணமாகி வந்த வருஷம் அவள் கையால் ஊன்றிய கொடி. அது மட்டும் தினமும் கூடை கூடையாகப் பூத்துக்கொண்டிருந்தது. சூடு என்றால் அதுவும் வாடியிருக்க வேண்டும். அந்தக் கோணம் அடிபட்டுப் போனது.

அணிலைச் சந்தேகித்தார். பிறகு ரெபேக்காள் வீட்டுப் பூனையைச் சந்தேகித்து, அதைப் பிடித்துப் பாதங்களை மோந்து பார்த்தார்.

"பூனைய என்ன செய்யுதிய அண்ணாச்சி?" என்று மதிலுக்கு மேலிருந்து ரெபேக்காள் கேட்டாள்.

"அழகா இருக்குன்னு பாத்தேன்."

"ஒங்களுக்குத்தான் பூனையே பிடிக்காதே?"

"இப்ப பிடிக்குது."

கடைசியில் காவல் போடுவது என்று தீர்மானித்தார். தன் நாற்காலியைப் பின்கதவுக்கு வெளியே படியில் போட்டு உட்கார்ந்தார். ஒரு கண் செடிமேல், ஒரு கண் மனைவிமேல். சமைப்பதற்கு மட்டும் எழுந்தார், அதுவும் கதவைப் பார்த்தபடியே. ஐந்தாறு நாள் ஒரு செடியும் சாகவில்லை. அவர் எங்கும் போகவும் இல்லை.

உமாராணிக்கு அந்த வாரம் முழுக்க எரிச்சல்.

"என்னையப் பாக்கியளா, செடியப் பாக்கியளா?"

"ரெண்டையுந்தான்."

"ரெண்டையும் பாக்காதிய. மறுபடி மொகமெல்லாம் கறுத்துக் கெடக்கு ஒங்களுக்கு. கண்ணாடியில பாத்தியளா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. ஒனக்கு வயிறு வலிக்குதா?"

"வலிக்கல."

"இப்ப?"

"இப்பமும் வலிக்கல."

"கொஞ்சம்கூடவா?"

"ஏங்க," என்றாள் உமாராணி, "நீங்க மொதல்ல போய்க் குளிங்க. ஏட்டையா வீட்ல செடி நாறுதுன்னு நெனச்சிரப் போறாவ."

அது உண்மைதான். காவல் வேலையில் குளிப்பு விட்டுப் போயிருந்தது. வேகமாகக் குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். உமாராணி அதே நாற்காலியில் அதே மாதிரிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். செடிகளும் அதே மாதிரி நின்றன.

அந்த வாரக் கடைசியில் நந்தியாவட்டை செத்தது. அடுத்த தொட்டியில் இருந்த, புதிதாக வாங்கிவந்த இட்லிப்பூவும் கூடவே செத்தது.

செத்த நாளும் சரியில்லை. அன்று சாயங்காலம் ரெபேக்காள் தன் சர்ச் பெண்கள் சங்கத்தை ஏட்டையா தோட்டம் பார்க்கக் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தாள். மறுநாள் காலை ஆஸ்பத்திரி. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்ததில் பாண்டித்துரைக்கு வியர்த்துவிட்டது. ரேஷன் கார்டு என்று எதையோ சொல்லிவிட்டு மொபெட்டை முடுக்கினார். ஹஸீபா கடை வாசலில் நந்தியாவட்டையும் இட்லிப்பூவும் அக்கா தங்கை மாதிரி நின்றன. ஒன்றைக் காலடியில் வைத்தார். இன்னொன்றை மடியில் வைத்தார். இலைகளுக்கு நடுவில் முகத்தை நீட்டிக்கொண்டு ஓட்டினார்.

தெருமுனை திரும்பியதும் எதிரே பெண்கள் சங்கம் முழுக்க நின்றது. சொன்ன நேரத்துக்கு முன்பே கிளம்பி வந்துவிட்டார்கள். முன்னால் ரெபேக்காள்.

பிரேக் போட்டார். நந்தியாவட்டை ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

"அண்ணாச்சி! செடியத் தூக்கிக்கிட்டு எங்க போய்ட்டு வாறிய?"

பாண்டித்துரை மடியிலிருந்த தொட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டார். சர்வீஸில் இருந்தபோது, திருட்டு ஆட்டோடு பிடிபட்ட ஒருவன், ஆட்டைக் காற்றாடக் கூட்டிவந்தேன் என்று சொன்னது ஞாபகம் வந்தது. அவனை அன்றைக்குப் பளீரென்று அறைந்திருந்தார்.

"காத்தாடக் கூட்டிட்டுப் போனேன்" என்றார்.

"செடியவா?"

"பின்ன? ஒரே எடத்துல ஒக்காந்து ஒண்ணையே பாத்துக்கிட்டு இருந்தா செடியும் செத்துரும்லா. வாரம் ஒருக்கா வெளிய கூட்டிட்டுப் போணும். அருவிப் பக்கம் ரெண்டு சுத்து சுத்துனா தெளிஞ்சிரும். இதான் நம்ம வீட்டுச் செடியோட ரகசியம்."

பெண்கள் சங்கம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் தலையாட்டியது. அடுத்த நாள்முதல் அந்தத் தெருப் பெண்கள் மாலை வேளைகளில் இடுப்பில் தொட்டியோடு நடக்கத் தொடங்கினார்கள்.

அன்று நடந்ததை ரெபேக்காள் உள்ளே போய் ஒரு சொல் விடாமல் உமாராணியிடம் சொல்லிவிட்டாள். எல்லோரும் போன பிறகு உமாராணி அவரைக் கூப்பிட்டாள்.

"செடிய வெளிய கூட்டிட்டுப் போனியளாம்ல?"

"ஆமா."

"வெளிய போய்ட்டு வந்தா தெளிஞ்சிருமா?"

"நல்லாத் தெளியும்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். இந்த முறை முகத்தை மூடவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். தலையில் புதிதாக முளைத்திருந்த பூனைமுடி சிலிர்த்தது. "ஏங்க, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வெள்ளனக் கெளம்பணும்லா? பையெல்லாம் எடுத்து வச்சியளா?"

பாண்டித்துரை பையை எடுக்கப் போனார். அன்றைய கண்டம் தாண்டியது.

அப்படியே அந்த சீசன் போயிற்று. செடிகள் சாவதும், அவர் சட்டையை மாட்டுவதும், வீட்டில் ஒரு பொய்யும் கடையில் ஒரு செடியும் அருவியில் ஒரு குளியலுமாகத் திரும்பிவருவதும் வழக்கமாயின. உமாராணி எல்லா ஊசியும் போட்டுக்கொண்டாள். ஆவணியில் எடுத்த ஸ்கேனைப் பார்த்து டாக்டர் பேச்சைச் சுருக்கிக்கொண்டார். அவளுக்கும் புரிந்தது, அவருக்கும் புரிந்தது. புரட்டாசியில் அவளுக்கு நடக்க முடியாமல் போனதும் கட்டிலையே பின்கதவுக்கு இழுத்துப் போட்டார். எழுந்து உட்காரும்போதெல்லாம் செடிகளைப் பார்த்தாள். "அந்த மூணாவது தொட்டிக்குத் தண்ணி கூட. கொறைங்க" என்றாள். அவர் குறைத்தார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. மழை விட்டிருந்த ஒரு காலை, அவர் போட்டு வைத்த காப்பி ஆறுவதற்குள், உமாராணி போய்விட்டாள்.

ரெபேக்காள்தான் பிச்சிப்பூ பறித்துக் கட்டினாள். கட்டக் கட்டப் பூ வந்துகொண்டே இருந்தது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு வேல்விழி, "எங்ககூட கோயம்புத்தூர் வந்துருங்கப்பா" என்றாள்.

"செடிக்குத் தண்ணி ஊத்தணுமேம்மா."

"ரெபேக்கா அத்தை ஊத்துவாங்க."

"அவளுக்கு அளவு தெரியாது" என்று சொல்லிவிட்டார்.

மகள் போனதும் மறுபடி பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை என்று ஒன்று இருந்தால், காலையில் எழுந்து புறவாசலில் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்ப்பதுதான்.

ஆச்சரியம் என்னவென்றால், அதற்குப் பிறகு எந்தச் செடியும் சாகவில்லை. துக்கத்தில் பல நாள் அவர் எதையும் கவனிக்கவில்லை. அப்படியும் சாகவில்லை. செம்பருத்தி அடுக்கடுக்காகப் பூத்தது. நந்தியாவட்டை மதிலைத் தாண்டியது. நமக்கு ஒருவழியாகக் கை பழகிவிட்டது, கொஞ்சம் முன்னாலேயே பழகியிருந்தால் அவளிடம் அத்தனை பொய் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டார். உப்பு ஜாடியும் குறையவில்லை. ஒருத்தருக்குச் சமைத்தால் அவ்வளவுதான் ஆகும்.

"அண்ணாச்சி, வெளிய தெருவ எங்கயாச்சும் போனா என்ன?" என்று ரெபேக்காள் மதிலுக்கு அப்பாலிருந்து கேட்பாள்.

"எதுக்குப் போகணும்? எல்லாம் நல்லாத்தான நிக்கி."

உண்மையில் அதுதான் அவருக்குக் குறை. ஏதாவது ஒன்று வாடினால் தேவலை, அந்தச் சாக்கில் குற்றாலம் ரோடுவரை போய்விட்டு வரலாம் என்று காலையில் எழும்போதெல்லாம் தோன்றும். போய்ப் பார்ப்பார். எல்லாம் பச்சைப் பசேலென்று நிற்கும். திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவார்.

தை பிறந்து சில நாள் கழித்து ஒரு காலை, எதுவும் சாகாமலே சட்டையை மாட்டினார். யாரிடமும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது என்னவோ போலிருந்தது. வாசலில் நின்று, "ஒரு செடி வாங்கிட்டு வாறேன்" என்று காலி வீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சீசன் முடிந்து ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. ஹஸீபா கடை வாசலில் தனியாக எதுவும் நிற்கவில்லை. எல்லாச் செடிகளும் வரிசையில் இருந்தன. எது வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை. முதல் தடவையாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

உள்ளே மண் கலந்துகொண்டிருந்த ஹஸீபா இவரைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு எழுந்து ஓடிவந்தாள்.

"வாங்க அண்ணாச்சி! எம்புட்டு நாளாச்சு! என்ன, இப்படித் திடுதிப்புன்னு வந்து நிக்கிய? நான் ஒண்ணும் எடுத்து வைக்கலையே."

"எத எடுத்து வைக்கணும்?"

"செடியத்தான். என்ன செடின்னு தெரிஞ்சால்லா எடுத்து வைக்க?"

"நான் என்ன வாங்க வாறேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் பாண்டித்துரை. பழைய ஏட்டின் குரல் தானாக வந்துவிட்டது.

ஹஸீபா சிரித்தாள்.

"இந்தத் தடவ எப்படித் தெரியும், அக்கா போன் போடவே இல்லையே! எப்பவும் மொத நாளே கூப்பிட்டு, 'ஏ ஹஸீபா, நாளைக்கு எங்க வீட்ல இன்ன செடி சாகப்போவுது, அண்ணாச்சி வருவாவ, ஒண்ணு எடுத்து வாசல்ல வையி'ன்னு சொல்லிருவாவல்லா?"